அரையும் அரையும் ஒன்றரை

லண்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில், இரண்டு பாடங்களைச் சேர்த்து ஒரே பட்டமாகப் படிக்கிற பிள்ளைகளின் பயத்தைக் கேட்டு ஆலோசனை சொல்வது என் தொழில்; வருகிற பிள்ளைகளைவிடக் கூடுதலாகப் பயப்படுகிற ஒருத்தியை அந்தக் கதிரையில் இருத்தி வைத்திருக்கிறோம் என்பது மேலிடத்துக்கு இன்னும் தெரியாது.

என் பயம் சின்னதல்ல. தொலைபேசி அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். கோலியர்ஸ் வுட் ஸ்டேஷன் வாசல் வரை வந்துவிட்டு, வீட்டுக் கதவைப் பூட்டினேனா என்று திரும்பிப் போகிற ஆள் நான். உங்களிலும் பிள்ளையைப் படிக்க அனுப்பிவிட்டு, வாட்ஸப்பில் நீலக்கோடு விழுந்ததா என்று பார்த்துப் பார்த்தே சோற்றைக் கருக விடுகிறவர்கள் இருப்பீர்கள். நாமெல்லாம் ஒரே கட்சி. பெயர்களை மாற்றி, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

நித்திரைக்குப் பொறுப்பு

இரட்டைப் பாடம் என்றால் இது பாதி, அது பாதி என்று கையேட்டில் வடிவாகப் போட்டிருக்கும். நம்பிவிடாதீர்கள். எந்தத் துறையும் தன் பாடத்தைச் சரிபாதியாக வெட்டிக் கொடுப்பதில்லை. கணிதத்துறை பாதி என்று சொல்லி முக்கால்வாசி கொடுக்கும். வரலாற்றுத்துறையும் அப்படித்தான். பிள்ளை ஒன்றரைப் பட்டத்துக்குப் படித்து ஒரு பட்டத்தோடு வீட்டுக்குப் போகும்.

மதுரா என்னிடம் வந்தது இரண்டாம் வருடத்தின் முதல் கிழமையில். பாரிஸில் பிறந்து, சிறு வயதில் பெற்றோருடன் லண்டனுக்கு வந்து, குட்மேய்ஸில் வளர்ந்த பிள்ளை. கணிதமும் வரலாறும் சேர்த்துப் படித்தாள். முதல் வருடம் கணிதத்தில் ஒரு தாளில் தவறி, கோடை விடுமுறையில் திரும்ப எழுதித் தப்பியிருந்தாள். எங்கள் இடத்துச் சட்டப்படி இரண்டாம் முறை அந்தச் சலுகை கிடையாது. மே மாதப் பரீட்சையில் கணிதத்தில் தவறினாலும் சரி, வரலாற்றில் தவறினாலும் சரி, இரண்டும் போய்விடும். தப்ப ஒரே வழி, முதல் தவணையின் ஐந்தாம் கிழமைக்குள் ஒரு பாடத்தைக் கைவிட்டு மற்றதை மட்டும் படிப்பது. அதற்குப் பிறகு அந்தக் கதவும் சாத்தப்பட்டுவிடும்.

விடுவதா, வைத்திருப்பதா என்று கேட்டாள். இப்படிக் கேட்டு வருகிற எல்லோரையும் நான் ஒரு கிழமையைக் கட்டம் போட்டு நிரப்பச் சொல்வேன். வகுப்பு, வாசிப்பு, வீட்டுக் கணக்கு, ரெயில் பயணம் எல்லாம் அதில் வரவேண்டும். கணிதத்துக்கு நீலம், வரலாற்றுக்குச் சிவப்பு என்று அவள் பொறுமையாக நிறம் தீட்டிக்கொண்டு போனாள். தீட்டி முடிந்தபோது தாளில் வெள்ளையே இல்லை. நான் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினேன், வேறு என்ன செய்வதென்று தெரியாமல். அதுவரை ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தவள் தாளை ஒருமுறை நிமிர்த்திப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு மாறினாள். பயம் வந்தால் இந்தப் பிள்ளைக்குத் தமிழ் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

"அன்ரி, நித்திரைக்கு எந்த டிப்பார்ட்மென்ட் பொறுப்பு?"

மற்றவர்களின் பிள்ளை

மூன்றாம் கிழமை ஒரு திங்கட்கிழமை வந்தது. கணிதத்தில் வீட்டிலிருந்து செய்து கொடுக்கிற ஒரு பெரிய ஒப்படையும் வரலாற்றில் ஒரு நீண்ட கட்டுரையும் அதே நாள், அதே நேரம் கொடுக்கவேண்டும். ஏதாவது ஒன்றைத் தள்ளிப் போட்டால் பிள்ளை மூச்சு விடும் என்று நினைத்துக் கணிதத்துறை அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருப்பவர் கொலின், நல்ல மனிதர், போனவுடன் தேநீர் தருவார். மதுரா வரலாற்றுப் பிள்ளையல்லவா, தங்கள் பிள்ளைகள் யாருக்கும் அந்தத் திங்கட்கிழமை பிரச்சினையாக இல்லையே என்றார். தெருவைக் கடந்து வரலாற்றுத்துறைக்குப் போனேன். மதுரா கணிதப் பிள்ளையல்லவா என்றார்கள் அங்கே. இரண்டு வீட்டிலும் பெயர் உள்ள பிள்ளைக்கு ஒரு வீட்டிலும் சோற்றுக் கோப்பை வைக்கவில்லை.

மழையில் இரண்டு தடவை தெருவைக் கடந்தேன். இரண்டு இடத்திலும் கெஞ்சினேன். கெஞ்சுவது எனக்கு இயல்பாக வரும், அதில் வெட்கமில்லை. பின்னேரம் இரண்டு துறையிலிருந்தும் அடுத்தடுத்து மின்னஞ்சல் வந்தது. இருவரும் இரங்கியிருந்தார்கள். இருவரும் தவணை கொடுத்திருந்தார்கள். இருவரும் கொடுத்த புதிய நாள் அதே வியாழக்கிழமை. திரும்பவும் கொலினிடம் ஓடினேன். அவர் தேநீரை நீட்டியபடி மலர்ந்த முகத்தோடு சொன்னார்:

"பார்த்தீர்களா ராஜி, வாயைத் திறந்து கேட்டால் எல்லோரும் ஒத்துழைக்கத்தான் செய்கிறார்கள்."

வெப்பநிலை எங்கே?

அதே கிழமை இன்னொரு பிள்ளை என் மேசைக்கு முன்னால் வந்து நின்றான். டேனியல். இயற்பியலும் இசையும் படிப்பவன். ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். அம்புலன்ஸைக் கூப்பிடுவோமா என்று நான் தொலைபேசியைத் தூக்கிவிட்டேன். விஷயம் இதுதான்: நித்திரையில்லாத கண்ணோடு இரண்டு ஒப்படைகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கணினியில் ஏற்றியிருக்கிறான். இசைத்துறைக்குப் போகவேண்டிய தாலாட்டுப் பாடல்கள் பற்றிய கட்டுரை இயற்பியலுக்குப் போய்விட்டது. உலோகக் கம்பி சூடேறும் விதம் பற்றிய ஆய்வறிக்கை இசைக்குப் போய்விட்டது. ஒரு பாடம் படிக்கிற பிள்ளை எவ்வளவு களைத்தாலும் இந்தப் பிழையைச் செய்ய முடியாது.

ஏற்றியதைத் திரும்ப எடுக்க வழியில்லை. இரண்டுக்கும் பூச்சியம் விழப்போகிறது என்று அவனும் நானும் இயற்பியல் விரிவுரையாளரின் அறைக்கு ஓடினோம். மதுராவுக்கும் ஒருநாள் இப்படி நடந்தால் என்ற நினைப்பு படியேறும்போதே எனக்கு வந்துவிட்டது, மூச்சு வாங்கியது பாதி அதனால்தான். விரிவுரையாளர் பெரியவர், சாந்தமானவர். மாற்றி ஏற்ற உடனே அனுமதி கொடுத்துவிட்டார். பிழை நடந்ததை அவர் கவனித்திருக்கவே இல்லை. முழுவதையும் வாசித்து, ஓரத்தில் குறிப்பும் எழுதி வைத்திருந்தார்.

"தாலாட்டுப் பகுதி மிகவும் நன்றாக இருந்தது தம்பி, வெப்பநிலையை எங்கே அளந்தாய் என்பதுதான் கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை."

செருப்புத் தட்டுக்குப் பக்கத்தில்

வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்து விம்பிள்டன் கோயிலுக்குப் போவது என் வழக்கம். எனக்கு இருக்கிற பயத்துக்குக் கிழமைக்கு ஒரு தரம் போதாது, ஆனாலும் அதுதான் முடிகிறது. அன்றைக்குச் செருப்பைக் கழற்றும்போது பக்கத்தில் ஒருவர் தன் சப்பாத்தைக் கழற்றாமலே நின்றார். மதுராவின் அப்பா என்று தன்னை அறிமுகப்படுத்தினார். குட்மேய்ஸில் பலசரக்குக் கடை. லண்டனின் கிழக்கு மூலையிலிருந்து தென்மேற்கு மூலைக்குக் கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார். நான் யார், எந்தக் கோயிலுக்குப் போகிறவள் என்று விசாரிக்க அவருக்கு இரண்டு தொலைபேசி அழைப்பு போதுமாயிருந்திருக்கும். நம் ஆட்களுக்கு அதற்கு மேல் தேவைப்படாது.

வளர்ந்த பிள்ளையின் படிப்பைப் பற்றிப் பெற்றோரிடம் எதுவும் சொல்லக்கூடாது என்பது எங்கள் சட்டம். அந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும் என்றுகூடச் சொல்லக்கூடாது. அந்தச் சட்டத்தை அவரிடம் சொன்னேன். தலையாட்டிவிட்டு அவர் தன்பாட்டில் கதைக்கத் தொடங்கினார். இரண்டு பாடம் படித்தால் இரண்டு சேட்டிபிக்கட் கிடைக்கும் என்று முதலில் நினைத்தாராம், ஒன்றுக்கு ஒன்று இலவசம் மாதிரி. "பாரிஸில நான் பகல் ரெஸ்ரோரண்டிலயும் பின்னேரம் கிளீனிங்கிலயும் வேலை செய்தனான். ரெண்டு செய்யிறது பெரிய விசயமில்லை எண்டு நான்தான் அவளுக்குச் சொன்னனான். ஆனா நான் ரெஸ்ரோரண்டில கோப்பையை உடைச்சா கிளீனிங் வேலை போகாது. இவளுக்கு ஒண்டில விழுந்தா ரெண்டும் போகுமாம். இப்ப சாப்பிடேக்க கதைக்கிறேல்ல. சோத்துக் கோப்பையைப் பாத்துக்கொண்டே இருக்கிறாள்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் செருப்புத் தட்டைப் பார்த்தேன். சாப்பிடாத, கதைக்காத பிள்ளைகள் எங்கே போய் முடிகிறார்கள் என்று என் வேலையில் நான் கண்டிருக்கிறேன். அதையும் சொல்ல முடியாது. மணி அடித்தது, பூசை தொடங்கிவிட்டது. அவர் உள்ளே வரவில்லை, கடையைத் திறக்கப் போகவேண்டும் என்று கிளம்பினார்.

"நீங்கள் ஒண்டும் சொல்ல வேண்டாம் தங்கச்சி. நான் சொன்னதைக் கேட்டனீங்கள்தானே, அது போதும்."

ஐந்தாம் கிழமை

கதவு சாத்தப்படுகிற வெள்ளிக்கிழமை மதுரா வந்தாள். அன்று காலை முழுதும் என் மனதுக்குள் ஒரே பிரார்த்தனை: ஏதாவது ஒன்றை விட்டுவிடு பிள்ளை. எதை என்றாலும் சரி. ஆனால் எங்கள் தொழிலில் இதை விடு, அதை வை என்று நாங்கள் வாயால் சொல்லக்கூடாது. இரண்டையும் வைத்தால் எவ்வளவு வேலை, ஒன்றை விட்டால் எவ்வளவு வேலை என்று எடுத்துக் காட்டலாம், அவ்வளவுதான். காட்டினேன். கை தானாகவே ஒரு பாடம் மட்டும் உள்ள பக்கத்தை அவள் பக்கம் தள்ளியது.

அவள் தான் செய்ய விரும்புவதைச் சொன்னாள். பழைய லண்டனில் கொள்ளைநோய் வந்தபோது ஒவ்வொரு வட்டாரத்திலும் செத்தவர்களை எண்ணி வைத்திருக்கிறார்களாம். அந்த எண்ணிக்கையில் பொய் இருக்கிறதாம். எந்தத் தெருவில் மறைத்தார்கள், ஏன் மறைத்தார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டுமாம். வரலாறு தெரிந்தவர்களுக்கு அந்தக் கணக்கு தெரியவில்லை, கணக்குத் தெரிந்தவர்களுக்கு அந்தத் தெருக்கள் தெரியவில்லை என்று சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தைப் பார்த்து எனக்குக் குலை நடுங்கியது. ஆசை இருக்கிற பிள்ளையைக் காப்பாற்றுவது கஷ்டம். அவள் எழும்பிப் பையை மாட்டிக்கொண்டாள்.

"ஒண்டை விட்டா மிஞ்சிறது பாதி இல்லை அன்ரி, கால்வாசிதான். ரெண்டையும் வைச்சிருக்கப்போறன்."

நாலாம் மாடி

மாசி மாதம் மதுரா வருவதை நிறுத்திவிட்டாள். என் மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை. இந்த வேலையில் உள்ளவர்களுக்கு இது தெரியும்: வந்து அழுகிற பிள்ளையைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை, வராத பிள்ளையைப் பற்றித்தான். ஒருநாள் காலை நோர்தன் லைனில் வரும்போது ரெயில் சுரங்கத்துக்குள் நின்றுவிட்டது. ஒரு பயணி சம்பந்தப்பட்ட சம்பவம் என்று அறிவித்தார்கள்; யாரோ தண்டவாளத்தில் விழுந்துவிட்டார் என்பதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். நான் இருக்கையைவிட்டு எழும்பிவிட்டேன். மதுரா வருவது கிழக்கிலிருந்து, இந்தப் பாதையில் அவளுக்கு வேலையே இல்லை. பயத்துக்கு ரெயில் வரைபடம் தெரியாது. பக்கத்தில் இருந்த பெண் எனக்குத் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

வேலைக்கு வந்ததும் கையெழுத்துக்கூடப் போடாமல் தேடத் தொடங்கினேன். கன்ரீனில் இல்லை. வகுப்பில் இல்லை. நூலகத்தில் கணிதப் புத்தகங்கள் இரண்டாம் மாடியில், வரலாறு ஆறாம் மாடியில். இரண்டிலும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. இறங்கி வரும்போது நாலாம் மாடிப் படிக்கட்டுக்குப் பக்கத்தில், யாரும் எடுக்காத நிலப்படங்களுக்கு நடுவே, ஒரு மேசையில் தலையை வைத்தபடி இருந்தாள். உயிரோடு இருக்கிறாளா என்று மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தேன். விரல் பட்டு விழித்துக்கொண்டாள். கோபப்படவில்லை. கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. அவள் அருகில் குந்தியிருந்து, ஏன் பிள்ளை இங்கே வந்து இருக்கிறாய் என்று கேட்டேன்.

"கீழ இருந்தா மேல உள்ளதை நினைச்சுப் பயம், மேல இருந்தா கீழ உள்ளதை நினைச்சுப் பயம். இங்க இருந்தா ரெண்டும் ஒரே தூரம் அன்ரி."

அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அதன்பின் ஒவ்வொரு செவ்வாயும் என் மேசைக்கு வந்து ஒரு சாண்ட்விச்சைச் சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும் என்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். அவள் வராத செவ்வாயில் நான் சாப்பிடவில்லை.

காவல்

மே மாதம் வந்தது. கணிதப் பரீட்சையும் வரலாற்றுப் பரீட்சையும் ஒரே நாள், ஒரே நேரத்தில் விழுந்தன. இரட்டைப் பாடப் பிள்ளைகளுக்கு இது அடிக்கடி நடக்கும். அதற்கென்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். காலையில் ஒரு பரீட்சை, பின்னேரம் மற்றது. நடுவில் பிள்ளையைக் காவலில் வைப்பது. மற்றவர்கள் காலையிலேயே எழுதிவிட்ட தாளை இவள் பின்னேரம் எழுதப்போகிறாளே, யாராவது கேள்வியைச் சொல்லிவிடக்கூடாது. போனை வாங்கி வைத்துவிடுவார்கள். சாப்பாடு காவலாளிக்கு முன்னால். கழிவறைக்குப் போனாலும் காவலாளி வாசலில் நிற்கவேண்டும். எழுதிய தாளைப் பற்றியோ எழுதப்போகும் தாளைப் பற்றியோ ஒரு சொல்லும் பேசக்கூடாது. அன்றைக்கு மதுராவுக்குக் காவலாளி நான்.

கணித மண்டபத்திலிருந்து வெளியே வந்தபோது அவள் முகம் சாம்பல் நிறமாக இருந்தது. அந்தச் சின்ன அறைக்குள் வந்ததும் வாயைத் திறந்தாள். "அன்ரி, நாலாவது கேள்வி..." "பிள்ளை, சொல்லாதை. சொன்னா பின்னேரம் எழுத விடமாட்டினம்" என்று கையை உயர்த்தித் தடுத்தேன். வாயை மூடிக்கொண்டாள். என்ன நடந்ததென்று தெரியாமல் நானும், சொல்ல முடியாமல் அவளும் எதிரெதிரே இருந்தோம். சாண்ட்விச்சைப் பிரித்து அப்படியே வைத்தாள். ஆறுதல் சொல்ல என்னிடம் இருந்ததெல்லாம் படிப்பைப் பற்றிய சொற்கள்தான். அதையெல்லாம் வெளியே வாங்கி வைத்துக்கொண்டுதான் எங்களை உள்ளே விட்டிருந்தார்கள்.

கழிவறைக்குப் போனாள். வாசலில் நின்றேன். குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. நிற்கவில்லை. கதவைத் தட்டினேன், பிறகு இடித்தேன். ஈர முகத்தோடு வந்து, சுவரில் சாய்ந்து நின்றாள். "நான் உள்ளுக்குப் போகேல்ல அன்ரி. என்னால ஏலாது. என்னை வீட்ட விடுங்கோ." உள்ளே போகாவிட்டால் வரலாற்றில் பூச்சியம், அத்தோடு எல்லாம் முடிந்தது. மண்டபக் கதவைத் திறந்து பெயர் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். மூச்சை மெல்ல இழுத்து விடுங்கள், ஒரு கேள்வியில் மட்டும் மனதை வையுங்கள் என்று எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். ஒன்றும் வாயில் வரவில்லை. அவள் கையைப் பிடித்தேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது. பெயரை இரண்டாம் முறை கூப்பிட்டார்கள். அவள் குனிந்து எங்கள் கைகளைப் பார்த்தாள். பிறகு மறு கையால் என் கையைப் பொத்தி, பக்கத்தில் இருந்த கதிரைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போய் இருத்தினாள்.

"உங்கட கைதான் கூட நடுங்குது அன்ரி. நீங்கள் இதில இருங்கோ, நான் போயிட்டு வாறன்."

பெறுபேறு

ஆடி மாதம் பெறுபேறு வந்த காலை நான் கணினியைத் திறக்கவில்லை. கொலின்தான் தெருவைக் கடந்து வந்து சொன்னார். வரலாற்றில் நல்ல புள்ளி. கணிதத்தில் மயிரிழையில் தேறியிருந்தாள். நாலாவது கேள்வியை அவள் தொடவே இல்லையாம். என் கதிரையிலேயே இருந்து அழுதேன், கொலின் தேநீர் எடுத்து வரப் போனார்.

பின்னேரம் மதுரா வந்தாள். கட்டிப் பிடித்துக் கொஞ்சினேன். அப்பா கடையில் வருகிறவர்களுக்கெல்லாம் லட்டுக் கொடுக்கிறாராம், ஒரு பெட்டி எனக்கும் அனுப்பியிருந்தார். சிரித்தாள், லட்டை எடுத்துக் கடித்தாள். பிறகு மெல்ல என் முன்னால் இருந்த கதிரையில் அமர்ந்தாள். மூன்றாம் வருடத்துக்கு இரண்டு துறையிலும் தனித்தனியே ஒவ்வொரு நீண்ட ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். இரண்டு கையேடுகளையும் பையிலிருந்து எடுத்து என் மேசையில் வைத்தாள்.

"ஃபெயில் ஆகியிருந்தா நேற்றோட பயம் முடிஞ்சிருக்கும் அன்ரி. பாஸ் பண்ணினபடியால் இன்னும் ஒரு வருசம் பயப்பட வேணும்."

என் வேலையைச் சரியாகச் செய்தேனா என்று கேட்டால் எனக்குத் தெரியாது, ஆனால் அந்தப் பிள்ளைக்கு வருகிற வருடத்துப் பயத்தைச் சுமக்க ஆள் பற்றாக்குறை வராது என்று மட்டும் பயமில்லாமல் சொல்வேன்.